ஆன்லைன்ல வாங்குன பொருள் கோளாறா? வக்கீல் இல்லாம நீங்களே புகார் போடுறது எப்படி

நான் இருக்கறது பழைய வண்ணாரப்பேட்டை. எம்.சி. ரோட்டுக்கு நடந்தே போயிடலாம், அதனால எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தராவது பிளவுஸ் தைக்கிறவங்க இருப்பாங்க. எதிர்வீட்டு அக்கா போன ஆடித் தள்ளுபடியில சீட்டுப் பணத்த எடுத்து 14,300 ரூபாய்க்கு மோட்டார் வச்ச தையல் மெஷின் ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனாங்க. மூணாவது நாள் மோட்டார்ல கருகுன வாசனை, பெடல மிதிச்சா உர்ர்னு சத்தம் மட்டும் வருது, ஊசி இறங்கவே இல்ல. ஆப்ல ரிட்டர்ன் போட்டா "இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது"ன்னு வருது. அக்கா சாட்ல "இத வச்சுதான்பா பொழைக்கிறேன், வேலை நின்னுபோச்சு"ன்னு வெள்ளந்தியா டைப் பண்ணிட்டாங்க, ஒடனே கம்பெனிக்காரங்க "வியாபாரத்துக்கு வாங்குனதுக்கு எங்க பொறுப்பு இல்ல"ன்னு அதையே புடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பணத்த திரும்ப வாங்க என்னென்ன பண்ணோம்ங்கறத வரிசையா எழுதுறேன், ஏன்னா இதுல பாதி விஷயம் சட்டத்துலயே நமக்கு சாதகமா இருக்கு, சொல்றதுக்குத்தான் ஆளில்ல.

முதல்ல ஆதாரம். கோவத்துல கஸ்டமர் கேருக்கு போன் போடுறதுக்கு முன்னாடி இத முடிச்சிடுங்க. ஆர்டர் பேஜ், பொருளோட விளம்பர பேஜ், "ரிட்டர்ன் உண்டு / இல்ல"ன்னு போட்டிருக்கற எடம், எல்லாத்தையும் முழுசா ஸ்கிரீன்ஷாட் எடுங்க, மேல தேதி நேரம் தெரியற மாதிரி, கிராப் பண்ணாதீங்க. விளம்பர பேஜ் நாளைக்கே மாறிடும், "காப்பர் மோட்டார்"னு போட்டிருந்தது எங்களுக்கு ரெண்டே நாள்ல காணாம போச்சு, நல்லவேளை அக்கா பொண்ணு முன்னாடியே எடுத்து வச்சிருந்தா. பில்ல பிடிஎஃப்பா டவுன்லோட் பண்ணுங்க, அதுல விக்கிறவரோட பேரு, முகவரி, ஜிஎஸ்டி நம்பர் இருக்கும், கேஸ் போட அதுதான் தேவை. சாட் முடிஞ்சதும் அழிஞ்சுபோற ஆப் நெறைய இருக்கு, அதனால பேசும்போதே எடுத்துக்கோங்க. போன்ல பேசுனா ஒரு நோட்டுல தேதி, நேரம், என்ன சொன்னாங்க, டிக்கெட் நம்பர், இத எழுதுங்க. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல, ஆனா எடுத்துட்டா கம்பெனிக்காரங்க வாய் பேச முடியாது: லேபிள், டேப் ஒட்டியிருக்கறது, பிரிக்கிறது, உள்ள இருக்கறது, எல்லாம் நடுவுல நிறுத்தாம ஒரே வீடியோவா இருக்கணும்.

அந்த போனையும் பத்திரமா வச்சுக்கோங்க, ஃபார்மட் அடிச்சிடாதீங்க. 2024 ஜூலை 1லேர்ந்து பழைய சாட்சியச் சட்டம் போயி பாரதிய சாட்சிய சட்டம் வந்திருக்கு, அதுல 63ஆவது பிரிவுப்படி எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் கேப்பாங்க, ஒரு பாகத்துல நீங்க கையெழுத்து போடணும், இன்னொரு பாகத்துல விவரம் தெரிஞ்ச நிபுணர். நுகர்வோர் கோர்ட்டு சிவில் கோர்ட்டு அளவுக்கு இத கறாரா பாக்காது, இருந்தாலும் எதிர்த்தரப்பு ஆட்சேபிச்சா ஒரிஜினல் கையில இருக்கணும்.

இப்ப சட்டம் என்ன சொல்லுது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதுக்குக் கீழ 2020 ஜூலைல வந்த இ-காமர்ஸ் விதிகள், இந்த ரெண்டும்தான் நம்ம கையில இருக்கற ஆயுதம். பொருள் பழுதா இருந்தா, போலியா இருந்தா, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லன்னா, சொன்ன தேதிக்கு அப்புறம் லேட்டா வந்தா, ஆப் மூலமா விக்கிறவர் அத திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தரமாட்டேன்னு சொல்லக் கூடாது. அதனால "நோ ரிட்டர்ன்"னு போட்டிருக்கறத பாத்து விட்டுடாதீங்க. அது மனசு மாறி திருப்பிக் குடுக்கறதுக்கு வேணா பொருந்தும், பழுதான பொருளுக்குப் பொருந்தாது.

அந்த வியாபார விஷயத்துக்கு வர்றேன், இதுல நெறைய பேர் பயந்து பின்வாங்கிடறாங்க. வணிக நோக்கத்துக்கு வாங்குனா நுகர்வோர் இல்லன்னு சட்டத்துல இருக்கறது உண்மைதான். ஆனா அதே பிரிவுல ஒரு விளக்கம் இருக்கு: சுயதொழில் செஞ்சு பொழைக்கறதுக்காக மட்டும் வாங்குன பொருள் வணிக நோக்கத்துல சேராது. 1995ல லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு இன்னும் தெளிவா சொல்லிடுச்சு, மெஷின்ல வாங்குனவங்களே வேலை செய்யணும், கூட ஒண்ணு ரெண்டு பேர் ஒத்தாசைக்கு இருந்தாலும் பரவால்ல. அக்காவுக்கு ஒரே மெஷின், மிதிக்கிறது அவங்க, பொண்ணு ஹூக்கு தைக்கும், அவ்ளோதான். இத நான் படிச்சுக் காட்டுனப்ப அக்கா, "அப்போ நான் எழுதுனது தப்பில்லையாடா தம்பி?"ன்னு கேட்டாங்க, நாலு நாளா அந்த ஒரு வரிய நெனச்சு நெனச்சு மருகியிருக்காங்க. நீங்க ஆட்டோ ஓட்டறவரா இருந்தாலும், காசிமேட்டுல மீன் விக்க எலக்ட்ரானிக் தராசு வாங்குனவங்களா இருந்தாலும் இதேதான். மனுவுல "சுயதொழில் மூலம் பிழைப்புக்காக வாங்கினேன்"ங்கற வார்த்தைய மறக்காம எழுதுங்க.

அடுத்தது குறைதீர் அலுவலருக்கு மெயில். கஸ்டமர் கேர் வேற, குறைதீர் அலுவலர் வேற. ஒவ்வொரு ஆப்பும் வெப்சைட்டும் குறைதீர் அலுவலரோட பேரையும் தொடர்பு விவரத்தையும் போட்டே ஆகணும், தேடிப் பாத்தா அடியில எங்கயாவது சின்ன எழுத்துல இருக்கும். புகார் வந்துச்சுன்னு 48 மணி நேரத்துல அவங்க ஒப்புக்கணும், 1 மாசத்துல தீர்வு சொல்லணும், இது விதி. மெயில் நீளமா வேண்டாம், தமிழ்லயும் எழுதலாம். நாங்க எழுதுனது இவ்ளோதான்: "இந்த ஆர்டர் நம்பரில் இந்தத் தேதியில் ரூ. 14,300க்கு வாங்கிய தையல் மெஷின் மூன்றாம் நாளே மோட்டார் கருகி நின்றுவிட்டது. படமும் வீடியோவும் இணைத்துள்ளேன். முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்." திட்டாதீங்க, சாபம் விடாதீங்க, அந்த மெயில நாளைக்கு ஜட்ஜ் படிப்பாரு.

நடுவுல ஒரு எச்சரிக்கை, இத வேகமா படிச்சிட்டு தாண்டாதீங்க. கூகுள்ல "கஸ்டமர் கேர் நம்பர்"னு தேடி வர்ற நம்பருக்கு போன் பண்ணாதீங்க, நம்பர ஆப்புக்குள்ளேர்ந்து மட்டும் எடுங்க. வெளிய கெடைக்கிற நம்பர்ல திருட்டுப்பசங்க உக்காந்திருக்காங்க, "ரீஃபண்ட் போடுறேன், இந்த ஆப்ப ஏத்துங்க, கியூஆர் ஸ்கேன் பண்ணுங்க, பின் போடுங்க"ம்பாங்க. பணம் வாங்கறதுக்கு யூபிஐ பின் தேவையே இல்ல, பின் போட்டா பணம் நம்ம கிட்டேர்ந்து போகுதுன்னுதான் அர்த்தம். போயிடுச்சுன்னா அந்த நிமிஷமே சைபர் குற்ற ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க, பேங்குக்கும் சொல்லுங்க, பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவறதுக்குள்ள நிறுத்தப் பாப்பாங்க. அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் (ஐடி சட்டம்) 66டி பிரிவு, ஆள்மாறாட்ட மோசடி, 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, அது போலீஸ் கேஸ். நம்ம தையல் மெஷின் கேஸ் வேற வழி.

மெயிலுக்கு பதில் சரியில்லன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. அவங்க கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கித் தருவாங்க, ஆனா உத்தரவு போடற அதிகாரம் அவங்களுக்கு இல்ல. சில பேருக்கு இங்கயே முடிஞ்சிடும். எங்களுக்கு முடியல, "பாதி பணம் கூப்பனா தர்றோம்"னு வந்தாங்க, அக்கா வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் 15 நாள் கெடு வச்சு ஒரு நோட்டீஸ், ஆப் கம்பெனிக்கு ஒண்ணு, விக்கிறவருக்கு ஒண்ணு, ஸ்பீட் போஸ்ட்ல. இது கட்டாயம் இல்ல, ஆனா ரசீது கேஸ் கட்டுல இருந்தா நல்லது.

கடைசியா நுகர்வோர் ஆணையம், அதாவது நுகர்வோர் கோர்ட்டு. "கண்டிஷன்ல பெங்களூரு கோர்ட்டுன்னு போட்டிருக்கே"ன்னு யோசிக்காதீங்க, 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற எடத்துலயோ வேலை பாக்கற எடத்துலயோ புகார் போடலாம், நம்ம ஏரியாவுக்கு சென்னை வடக்குன்னு தனியா மாவட்ட ஆணையமே இருக்கு. குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் எதுவும் இல்ல. பிரச்சனை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் கட்டாயம் இல்ல. நுகர்வோர் புகாருக்கான அரசு வெப்சைட் இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல வீட்லேர்ந்தே ஃபைல் பண்ணலாம்: புகார் மனு, தேதிவாரியா நடந்தது ஒரு பக்கத்துல, பில், ஸ்கிரீன்ஷாட், நோட்டீஸ் ரசீது, ஆதார், ஒரு பிரமாணப் பத்திரம். பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி கையெழுத்து வேணும், ஹைகோர்ட்டு எதிர்ல தம்புச்செட்டித் தெரு பக்கம் போனா ஆள் கெடைப்பாங்க. எதிர்த்தரப்பா ஆப் கம்பெனி, விக்கிறவர் ரெண்டு பேரையும் போடுங்க, ஒருத்தர மட்டும் போட்டா அவரு இன்னொருத்தர கை காட்டுவாரு. என்ன வேணுங்கறத பிரிச்சு எழுதுங்க: பொருளோட பணம், மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு, வழக்குச் செலவு. அக்கா தையல் கூலி எழுதற நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வச்சோம், மெஷின் நின்ன நாள்லேர்ந்து பக்கம் காலியா இருந்துச்சு, வருமானம் போனதுக்கு அத விட என்ன சாட்சி வேணும்.

எதிர்த்தரப்பு 30 நாள்ல பதில் போடணும், மேல 15 நாள் வரைக்கும் கூடுதலா குடுக்கலாம். 3 மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறையில தள்ளிப்போகும், வாய்தாவுக்கு மனச தயார் பண்ணிக்கோங்க. வீடியோவுல ஆஜராகணும்னா மனு குடுத்து கேக்கலாம்.

ஆணையத்துலேர்ந்து நோட்டீஸ் போனதுமே கம்பெனிக்காரங்க சமாதானத்துக்கு வருவாங்க, எங்களுக்கும் வந்தாங்க, "கேஸ வாபஸ் வாங்குங்க, ஒரு வாரத்துல பணம் போடுறோம்"னு. வர்ற பேப்பர்ல "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஒரு வரி இருக்கும், நஷ்ட ஈட்டையும் செலவையும் சேத்து எழுதுனாத்தான் கையெழுத்து போடுங்க. பணம் அக்கவுண்டுல ஏறி எஸ்எம்எஸ் வந்ததுக்கு அப்புறம் வாபஸ் மனு குடுங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம்.