நார்ஃபோக் கடற்கரைப் பப்பில் தங்கப் போகிறீர்களா?

இங்கிலாந்தின் வடக்கு நார்ஃபோக் கடலோரச் சிற்றூர்களில், கீழே மதுக்கூடமும் மேலே சில அறைகளுமாக உள்ள பப்களில் தங்க நினைப்பவர்கள், அறையோடு இரவுச் சாப்பாட்டுக்கான மேசையையும் சேர்த்தே முன்பதிவு செய்துவிடுங்கள். அறை எடுத்தவருக்கு இடம் தானாகக் கிடைக்கும் என்று நம்பி, நான் ஒருமுறை சிப்ஸ் பொட்டலத்தோடு படுக்கப் போனேன். பல இடங்களில் சமையலறை இரவு 9 மணிவாக்கில் மூடிவிடும். மது மட்டும் தொடரும்.

அச்சிட்ட பட்டியலை விட்டுவிட்டுச் சுவரிலுள்ள கரும்பலகையைப் பாருங்கள். அன்று வந்த மீன் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கோடையில் போனால், அந்தக் கடற்கரையிலுள்ள குரோமர் ஊரின் நண்டு! சதையை எடுத்துச் சுத்தம் செய்து, அதே ஓட்டில் நிரப்பித் தருவார்கள். உடைக்கும் வேலையே இல்லை. மசாலாவை எதிர்பார்க்காதீர்கள். எலுமிச்சையும் மிளகும் போதும், அந்தச் சதையின் இனிப்பே தனி. உப்புச் சதுப்பில் முளைக்கும் சாம்ஃபையர் கீரையும் கோடையில்தான் கிடைக்கும். அதற்கு உப்பே வேண்டாம். குளிர்காலம் என்றால், அதே கடற்கரையிலுள்ள பிரான்காஸ்டர் ஊரின் மசல் சிப்பி.

பல பப்களில் மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, மது ஊற்றும் இடத்திலேயே போய்ச் சொல்ல வேண்டும். அப்புறம், மதுக்கூடத்துக்கு நேர் மேலே உள்ள அறை மட்டும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.