இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு: பிள்ளையின் வளர்ச்சிப் பரிசோதனையை எங்கே தொடங்குவது?

ஊரில் என்றால் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றதும் யாராவது ஒரு நல்ல டாக்டர் பெயரைச் சொல்வார்கள், சாயங்காலம் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிடலாம். இங்கே என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் அப்படி நேராகப் போக முடியாது. காதுக்கு ஓர் இடம், பேச்சுக்கு ஓர் இடம், பள்ளி தனி, கவுன்சில் என்ற உள்ளூராட்சி தனி. இந்தத் துறைக்காரர்களை ஒன்றாக உட்காரவைக்கத்தான் பல ஊர்களில் சைல்டு டெவலப்மென்ட் சென்டர் என்ற பிள்ளை வளர்ச்சி மையம் இருக்கிறது. ஆனாலும் ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் போவது சாதாரணம், கோத்துக்கட்டும் வேலையில் பாதி உங்கள் தலையில்தான் விழும்.

முதலில் குடும்பம் முழுவதையும் ஜிபி என்ற குடும்ப டாக்டரிடம் பதியுங்கள். ஐந்து வயதுக்குள் என்றால் ஹெல்த் விசிட்டர் என்ற, சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் நர்ஸையும் கேளுங்கள். இரண்டு, இரண்டரை வயதில் அவர்கள் செய்யும் வளர்ச்சிப் பரிசோதனைக்கு, இடையில் வந்து சேர்ந்த பிள்ளையின் பெயர் விடுபட்டுப் போகலாம். "பேசவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, முன்பு சொன்ன சொற்கள் நின்றுபோனதா என்று எழுதிக்கொண்டு போங்கள். காது பரிசோதனையை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் தாள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

வீட்டில் தமிழை நிறுத்து, பிள்ளை குழம்புகிறான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். பேச்சு சிகிச்சையாளர் இரண்டு மொழியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், "தா", "சோறு", "அத்தை" எல்லாம் கணக்கில் வரும் சொற்கள்தான். அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வரும்போதே சொல்லிவிடுங்கள், உங்களுக்குச் செலவில்லை. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைப்பது மட்டும் வேண்டாம்.

அப்புறம் அந்தக் கேள்வி வரும்: "நீங்கள் இருவரும் உறவினர்களா?" மாமன் மகள், அத்தை மகன் என்றால் அப்படியே சொல்லுங்கள். டாக்டர் தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு மூன்று தலைமுறையை வரைவார், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. எந்த மரபணுப் பரிசோதனை தேவை என்று தீர்மானிக்க உதவும் கோடு அது, குற்றம் சாட்ட இல்லை. சித்தப்பா பையனுக்கும் பேச்சு தாமதம் என்று மாமியாருக்கு மட்டும் தெரிந்திருக்கும், முந்தின நாளே ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஆட்டிசம் சந்தேகம் என்றால், ஆட்டிசத்தைப் பரிசோதிக்கும் குழுவிடம் பரிந்துரை போன 3 மாதத்துக்குள் பரிசோதனை தொடங்க வேண்டும் என்பது, மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டல். நடப்பில் ஒரு வருடத்தைத் தாண்டும் இடங்கள் நிறைய. அதே வழிகாட்டலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது, ஆகவே "எங்கள் கேஸ் கோஆர்டினேட்டர் யார்?" என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள், சும்மா இருந்தால் யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

காத்திருக்கும் காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளைக் கவனிக்க சென்கோ என்று ஓர் ஆசிரியர் இருப்பார், நோயின் பெயர் எழுதிய தாள் இல்லாமலே அவர் உதவி தொடங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் இஎச்சிபிக்கான (பிள்ளைக்கு வேண்டிய கல்வி, சுகாதார, பராமரிப்பு உதவிகளை எழுதித் தரும் சட்டபூர்வத் திட்டம்) மதிப்பீட்டை நீங்களே கவுன்சிலிடம் எழுதிக் கேட்கலாம். மதிப்பீடு செய்வார்களா இல்லையா என்று 6 வாரத்தில் சொல்ல வேண்டும், திட்டம் தருவதாக இருந்தால் மொத்தம் 20 வாரத்தில் முடிக்க வேண்டும். விசாவில் பொது நிதி (அரசு உதவித்தொகைகள்) கூடாது என்று இருந்தால், கூடுதல் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கான டிஎல்ஏ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முன் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள், என்.எச்.எஸ். சிகிச்சையும் பள்ளி உதவியும் அந்தத் தடையில் வராது.

ஹாரோவில் ஒரு அறை, பிறகு குராய்டனில் ஒரு வீடு என்று மாறுபவர்கள் கவனியுங்கள்: கவுன்சில் மாறினால் காத்திருப்பு வரிசையும் மாறலாம். புது விலாசத்தை ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள், பழைய வரிசையில் காத்த தேதியைக் கணக்கில் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஆஸ்பத்திரி அழைப்பு பெரும்பாலும் நம்பர் தெரியாமல்தான் வரும், எடுங்கள்.