ஸ்பிரிங் பூட்டில் பின்னணிப் பணிகள்: ஏசிங்க் அனோட்டேஷனும் த்ரெட் பூல் அமைப்பும்

இணையக் கடை ஒன்றில் வாடிக்கையாளர் ஆர்டர் செய்கிறார் என்று கொள்வோம். தரவுத்தளத்தில் ஆர்டர் பதிவாக அதிக நேரம் ஆகாது. ஆனால் உறுதி மின்னஞ்சல் அனுப்பும் வேலை, அஞ்சல் சர்வர் மெதுவாக இருந்தால், பல வினாடிகள் இழுக்கும். அந்த வேலையை வேறொரு த்ரெட்டிடம் (நிரலுக்குள் தனியாக ஓடும் செயலோட்டம்) ஒப்படைத்து, வாடிக்கையாளருக்கு உடனே பதில் தர, ஜாவா செயலிகளை எழுத உதவும் ஸ்பிரிங் கட்டமைப்பு வழி செய்திருக்கிறது. இங்கே தமிழில் எழுதியுள்ள பெயர்களை நிரலில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யவும்.

முதலில், கான்ஃபிகரேஷன் கிளாஸ் ஒன்றின் மேல் @எனேபிள்ஏசிங்க் என்று குறிக்க வேண்டும். இது விடுபட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது; மெத்தட் வழக்கம்போல் அழைத்தவரின் த்ரெட்டிலேயே ஓடும்.

அடுத்து, மெயில்சர்வீஸ் என்று தனியாக ஒரு சர்வீஸ் கிளாஸ் உருவாக்கி, மின்னஞ்சல் அனுப்பும் பப்ளிக் மெத்தடின் மேல் @ஏசிங்க் என்று எழுதுங்கள். தனி கிளாஸ் என்பதற்குக் காரணம் உண்டு. இந்த கிளாஸிலிருந்து ஸ்பிரிங் உருவாக்கி நிர்வகிக்கும் ஆப்ஜெக்டுக்கு பீன் என்று பெயர். அதைச் சுற்றி ஸ்பிரிங் ஒரு ப்ராக்சியை, அதாவது இடைநிலை ஆப்ஜெக்டை, வைக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பைப் பிடித்து வேறு த்ரெட்டுக்கு அனுப்புவது அந்த ப்ராக்சியே. ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை நேரடியாக அழைத்தால் அழைப்பு ப்ராக்சியைத் தொடாமலே போய்விடும், பின்னணி ஓட்டமும் நடக்காது. தொடக்கநிலையினர் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

இனி த்ரெட் பூல், அதாவது பணிகளைச் செய்ய வைத்திருக்கும் த்ரெட்டுகளின் தொகுப்பு. இயல்புநிலையை அப்படியே விடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஸ்பிரிங் பூட் தானாக அமைக்கும் பூலில் 8 அடிப்படை த்ரெட்டுகள் இருக்கும். காத்திருப்பு வரிசைக்கோ எல்லையே இல்லை. அஞ்சல் சர்வர் முடங்கினால் பணிகள் நினைவகத்தில் குவிந்துகொண்டே போகும்.

ஆகவே, த்ரெட்பூல்டாஸ்க்எக்சிக்யூட்டர் வகையில் ஒரு பீனை நாமே எழுதி, அதற்கு ஆர்டர்மெயில் என்று பெயரிட்டு, @ஏசிங்க் குறிப்பின் அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயரைத் தருவோம். கோர்பூல்சைஸ் (அடிப்படை த்ரெட்டுகள்) 4, கியூகபாசிட்டி (வரிசையின் கொள்ளளவு) 50, மேக்ஸ்பூல்சைஸ் (த்ரெட்டுகளின் உச்சவரம்பு) 8 என்று வைத்துக்கொண்டு, எந்தப் பணியும் முடியாமல் புதிய பணிகள் வந்துகொண்டே இருப்பதாகக் கருதிப் பாருங்கள். முதல் 4 பணிகளுக்கு 4 த்ரெட்டுகள் பிறக்கும். அடுத்த 50 பணிகள் வரிசையில் காத்திருக்கும். வரிசை நிறைந்த பிறகுதான், 55ஆம் பணிக்கு ஐந்தாவது த்ரெட் உருவாகும். 58ஆம் பணியோடு எட்டும் நிரம்பிவிடும். 59ஆம் பணி நிராகரிக்கப்பட்டு, அழைத்த இடத்தில் டாஸ்க்ரிஜெக்டட்எக்செப்ஷன் எழும். த்ரெட்டுகள் முதலில் உச்சவரம்புவரை பெருகி, அதன் பின்னரே வரிசை தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. எல்லையற்ற வரிசை இருந்தால் மேக்ஸ்பூல்சைஸ் எவ்வளவு இருந்தும் பயனில்லை. நிராகரிப்புக்குப் பதிலாகக் காலர்ரன்ஸ்பாலிசியை அமைத்தால், மிஞ்சிய பணியை அழைத்த த்ரெட்டே செய்யும். பதில் தாமதமானாலும் மின்னஞ்சல் விடுபடாது.

அதே பீனில் த்ரெட்நேம்ப்ரிஃபிக்ஸ் மதிப்பை "ஆர்டர்-மெயில்-" என்று வையுங்கள். மெத்தடுக்குள் ஒரு லாக் வரி எழுதி இயக்கினால், இணையக் கோரிக்கைகளைக் கையாளும் டாம்கேட் சர்வரின் "எக்செக்" த்ரெட்டுக்குப் பதிலாக இந்தப் பெயர் தெரிய வேண்டும். செயலி நிறுத்தப்படும்போது நடுவில் உள்ள பணிகள் அறுந்துபோகாதிருக்க, வெயிட்ஃபார்டாஸ்க்ஸ்டுகம்ப்ளீட்ஆன்ஷட்டவுன் அமைப்பை ட்ரூ என்றும், அவெய்ட்டெர்மினேஷன்செகண்ட்ஸ் மதிப்பை 30 என்றும் தரலாம். ஆயினும் வரிசை நினைவகத்தில்தான் இருக்கிறது. சர்வர் திடீரென விழுந்தால் அதுவும் போய்விடும். இழக்கவே முடியாத பணிகளைத் தரவுத்தளத்திலோ செய்தி வரிசையிலோ முதலில் எழுதிவைக்க வேண்டும்.

பிழைகளையும் கவனிக்க வேண்டும். மதிப்பு எதையும் திருப்பித் தராத வாய்டு மெத்தடில் எழும் எக்செப்ஷன், அழைத்தவரின் ட்ரை-கேட்ச் பகுதிக்கு வராது. இயல்பாக அது லாகில் மட்டும் பதிவாகும். வேறு நடவடிக்கை வேண்டுமானால், ஏசிங்க்கான்ஃபிகரர் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்து, ஏசிங்க்அன்காட்எக்செப்ஷன்ஹேண்ட்லர் ஒன்றைத் திருப்பித் தாருங்கள். பிழை, மெத்தட், அதற்குத் தந்த மதிப்புகள் ஆகிய மூன்றும் அதன் கைக்கு வரும். மெத்தட் கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சரை (பின்னர் கிடைக்கப்போகும் முடிவைத் தாங்கும் ஆப்ஜெக்ட்) திருப்பித் தந்தாலோ இந்த ஹேண்ட்லர் அழைக்கப்படாது. பிழை ஃபியூச்சருக்குள்ளேயே தங்கிவிடும். அங்கே எக்செப்ஷனலி மெத்தடைக் கொண்டு நாமே அதைக் கையாள வேண்டும்.

டிரான்சாக்ஷனும் (ஒன்றாகச் சேர்ந்து நிறைவேறும் தரவுத்தள மாற்றங்கள்) த்ரெட் தாண்டிப் போகாது. ஆர்டர் கமிட் ஆகும் (தரவுத்தளத்தில் உறுதியாகப் பதிவாகும்) முன்பே மின்னஞ்சல் த்ரெட் ஓடத் தொடங்கினால், அந்த ஆர்டர் அதன் கண்ணுக்கே படாமல் போகலாம். எனவே கமிட்டுக்குப் பிறகே மெயில்சர்வீஸை அழையுங்கள்.

ஜாவா 21உடன் ஸ்பிரிங் பூட் 3.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் பயன்படுத்துவோர் விர்ச்சுவல் த்ரெட்டுகளை (ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்டுகள்) இயக்கினால், பூட் தானாக அமைக்கும் எக்சிக்யூட்டர் ஒவ்வொரு பணிக்கும் புதிய விர்ச்சுவல் த்ரெட்டைத் தொடங்கும். பண்புக் கோப்பில் எழுதிய பூல் அளவுகள் அப்போது செல்லாது. நாம் மேலே எழுதிய ஆர்டர்மெயில் பீன் மட்டும் தன் 4, 50, 8 என்ற வரம்புகளோடு முன்போலவே இயங்கும்.