மூன்று செல் டார்ச், ஒரு செல்லில் ஓடிய கதை

மூன்று 18650 செல்லை (விரல் பருமனுள்ள லித்தியம் அயன் செல்) பேரலலாக, அதாவது மூன்றும் சுமையைப் பகிரும்படி பக்கம் பக்கமாக இணைத்துப் போடும் டார்ச். செல் ஒவ்வொன்றும் 3000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர் மணி), எல்இடி இழுப்பது 3 ஆம்பியர். மூன்று மணி நேரம் எரியவேண்டியது, சென்னை ரிச்சி தெருவில் இரண்டு செல் வாங்கி மாற்றியதும் ஒரு மணி நேரத்திலேயே மங்கியது. போலி செல் என்றே நினைத்தேன். சார்ஜரில் கெப்பாசிட்டி சோதித்தால் சரியாக இருந்தது. ஸ்விட்ச், ஸ்பிரிங் எல்லாம் துடைத்தும் பலனில்லை. நான்கு நாள் போனது.

மங்கியவுடன் செல்களை எடுத்து மல்ட்டிமீட்டர் வைத்தேன். பழையது 3.1 வோல்ட், புதியவை இரண்டும் 4.18! அவை தொடவே இல்லை. ஹோல்டரின் பிளஸ் முனையைச் சுற்றி, தலைகீழாகப் போட்டால் தொடாதிருக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. பழைய செல்லுக்குக் குமிழ் முனை, புதியவை தட்டை, வளையத்தைத் தாண்டித் தகட்டை எட்டவில்லை. சீரிஸாக (ஒன்றன்பின் ஒன்றாக) இருந்தால் டார்ச் எரிந்தே இருக்காது, அன்றே தெரிந்திருக்கும். பேரலலில் ஒன்று தொட்டாலே எரியும். மொத்தச் சுமையும் அதன் தலையில் விழுவதால் வோல்டேஜும் சீக்கிரம் சரியும்.

ஹோல்டர் தகட்டில் ஈயம் (சால்டர்) உருக்கி 1.5 மி.மீ. மேடு வைத்தேன் (செல்லின்மேல் சால்டர் வைக்காதீர்கள், இடைவெளியை அடைக்கக் காந்தத் துண்டும் வேண்டாம், நழுவினால் ஷார்ட்). பழையதை ஒதுக்கி, ஒரே ரக செல் மூன்றையும் முழுக்க சார்ஜ் ஏற்றி, வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருப்பதைப் பார்த்தே போட்டேன். இப்போது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எரிகிறது.