சின்னப் பிள்ளையின் கரப்பன்: எவ்வளவு பூசுவது, எதை நிறுத்துவது

கன்னம், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்துச் சுருக்கம். இந்த இடங்களில் தோல் காய்ந்து சொரசொரத்து, பிள்ளை இரவில் தூங்காமல் சொறிந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் எக்ஸிமாதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கரப்பன் என்பார்கள். கைக்குழந்தைக்கு வந்தால் கிரந்தி என்று சொல்லி விட்டுவிடுவார்கள். நமது மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரிவதில்லை. ஊதா கலந்த கபிலமாக அல்லது சாம்பல் பூத்ததுபோல இருக்கும். ஆகவே கையால் தடவிப் பாருங்கள். சூடாகவும் தடிப்பாகவும் மணல் ஒட்டியதுபோலவும் இருந்தால் கரப்பன் கிளம்பியிருக்கிறது.

வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் கடி இருக்கிறதா, விரல் இடுக்குகளில் சிறு பருக்கள் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது பூச்சியால் வரும் சிரங்காக இருக்கலாம். அதற்கு வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். நடு ஆறி, ஓரம் வட்டமாகத் தடித்திருந்தால் படர்தாமரை. அதன்மேல் ஸ்டீரொய்ட் (தடிப்பையும் கடியையும் அடக்கும் மருந்துக் கிறீம்) பூசினால் இன்னும் பரவும்.

கரப்பன் தொற்றாது. இந்தப் பிள்ளைகளின் தோலுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் வலு குறைவு. ஈரம் வெளியேற, சவர்க்காரமும் தூசியும் வியர்வையும் உள்ளே புகுந்து கடியைக் கிளப்புகின்றன. எனவே வைத்தியத்தின் பெரும்பங்கு மெழுகுப்பூச்சுதான், அதாவது தோலின் ஈரத்தைக் காக்கும் வசலின், கிறீம் போன்றவை. அநேக வீடுகளில் பிழை விடுவதும் அங்கேதான்: பூசுகிறார்கள், ஆனால் பொட்டு வைப்பதுபோலப் பூசுகிறார்கள்.

உடம்பு முழுக்கக் காய்ந்த பிள்ளைக்கு வாரத்துக்குக் குறைந்தது 250 கிராம் வேண்டும். 50 கிராம் டியூப் ஒன்று ஒரு மாதத்துக்கு வருகிறதென்றால் பூசுவது போதவில்லை. நறுமணமில்லாத வெள்ளை வசலின் மலிவானது, நல்லது. ஆனால் பகல் வெயிலில் அது வியர்வையை அடைத்துக் கடியைக் கூட்டலாம். பகலில் மணமில்லாத கிறீம், இரவில் வசலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 3, 4 தடவை, புண் இல்லாத இடத்திலும், மயிர் வளரும் திசையில் மேலிருந்து கீழாக வழித்துவிடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். இல்லாவிட்டால் கிருமி உள்ளே போய்விடும். அக்குவஸ் கிறீமைப் பூசி அப்படியே விடாதீர்கள். அதில் பெரும்பாலும் சவர்க்கார வகைப் பொருள் கலந்திருப்பதால் எரியும். சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவ மட்டும் அது உதவும்.

சுத்தமான தேங்காய் எண்ணெய் இலேசான கரப்பனுக்குப் பரவாயில்லை. வெளிநாட்டிலிருந்து ஆசையாக அனுப்பும் ஒலிவ் எண்ணெயைச் சமையலுக்கு வையுங்கள். அது தோலின் காப்பைக் குலைக்கும். வசலின் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். குப்பி விளக்கு, அடுப்பு இருக்குமிடத்தில் கவனம்.

குளிப்பு நாளுக்கு ஒரு தடவை, 5 முதல் 10 நிமிடம். கிணற்றுத் தண்ணீரை அப்படியே வார்க்கலாம். மேலே வைத்த பிளாஸ்டிக் தாங்கியில் மத்தியானம் தண்ணீர் கொதித்திருக்கும், முதலில் உங்கள் கையில் ஊற்றிப் பாருங்கள். டெட்டோல், வாசனைச் சவர்க்காரம், அவித்த வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள் எதுவும் வேண்டாம். கடலில் குளித்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். துவாயால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதாகக் காயுமுன், 3 நிமிடத்துக்குள் பூசிவிடுங்கள். பவுடர் போட வேண்டாம்.

தடித்துக் கடிக்கும் இடங்களுக்கு மெழுகு மட்டும் போதாது, ஸ்டீரொய்ட் கிறீம் வேண்டும். சின்னப் பிள்ளையின் முகத்துக்கு வழமையாக 1 சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோன் கொடுப்பார்கள். உடம்புக்கு எவ்வளவு வீரியமானது என்பதை டொக்டர் சொல்லட்டும். அளவை விரல் நுனியால் எடுக்கலாம். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். 1 முதல் 2 வயதுப் பிள்ளையின் ஒரு கை முழுக்கக் கரப்பன் என்றால் ஒன்றரை விரல் நுனி அளவு, ஒரு கால் முழுக்க என்றால் 2 விரல் நுனி அளவு. ஸ்டீரொய்ட்டுக்கும் மெழுகுக்கும் இடையே 20 நிமிடமாவது விடுங்கள், ஒன்றை மற்றது கரைத்துவிடாமல்.

பயந்து ஒரு நாள் பூசி மறுநாள் நிறுத்துவதால்தான் கரப்பன் மாதக்கணக்கில் இழுக்கிறது. தோல் தொடுகைக்கு மென்மையாகும்வரை பூசி, பிறகு 2 நாள் கூடப் பூசி நிறுத்துங்கள். முகத்தில் 5 நாளிலும் உடம்பில் 2 வாரத்திலும் அடங்காவிட்டால் திரும்பக் காட்டுங்கள். ஆறிய இடம் வெளுத்திருப்பதைப் பார்த்து கிறீம் தோலைத் தின்றுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது கரப்பன் விட்ட தடம். மாதங்களில் நிறம் திரும்பும். உண்மையில் பயப்பட வேண்டியது, டொக்டரின் துண்டு இல்லாமல் பாமசியில் வாங்கும் கலவைக் களிம்புகளுக்கு. வீரியமான ஸ்டீரொய்ட்டும் பங்கசு மருந்தும் சேர்ந்த அவற்றைப் பிள்ளையின் முகத்தில் பூசவே கூடாது.

சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். முட்டை, மீன், இறால், பால் எல்லாவற்றையும் கிரந்தி என்று நிறுத்தினால் பிள்ளையின் நிறைதான் குறையும், கரப்பன் அப்படியே இருக்கும். பால் கொடுக்கும் தாயும் தானாகப் பத்தியம் பிடிக்கத் தேவையில்லை. ஒரு சாப்பாடு தின்று சில நிமிடங்களில், அல்லது 2 மணித்தியாலத்துக்குள், உடம்பு தடித்தாலோ வாந்தி வந்தாலோ அதை மட்டும் நிறுத்தி டொக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு இழுத்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள், 9 மாதத்து எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசியையும் போடலாம்.

குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதையும் நுளம்புத்திரி கொளுத்துவதையும் விட்டு நுளம்பு வலை கட்டுங்கள். ஏணைக்கு நைலோன் சேலையை எடுக்காமல் பழைய பருத்திச் சேலையையோ வேட்டியையோ பாவியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் சீக்கிரம் காயும், பூச்சை ஒரு தடவை கூட்டுங்கள். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியோடு வயலிலிருந்து வருபவர் உடுப்பு மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். பிள்ளையின் நகத்தை வாரம் ஒரு தடவை வெட்டுங்கள்.

மஞ்சள் பொருக்கு, நீர் வடிதல், சீழ் கண்டால் கிருமி ஏறியிருக்கிறது; அன்றே காட்டுங்கள். ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, குத்தியெடுத்த துளைபோல உடைந்து, காய்ச்சலும் நோவும் இருந்தால் அது ஹேர்ப்பீஸ் வைரசாக இருக்கலாம். கண் பக்கம் வந்தால் பார்வைக்கே ஆபத்து. ஸ்டீரொய்ட் பூசுவதை நிறுத்தி, கிளினிக் நாள் வரை காத்திராமல், இரவானாலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறை பொது வைத்தியசாலைக்கோ, எது கிட்டவோ அங்கே கொண்டு போங்கள். பூசிய மருந்துகளின் டியூப்களையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.