பற்கள் எங்கே சேர்கின்றன? கடிப்பைப் பரிசோதிக்கும் முறை, படிப்படியாக

பல்லை அடைத்து முடித்ததும், "டாக்டர், இந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது" என்று நோயாளி சொன்னால் நம்புங்கள். தலைமுடியின் கனம்கூட இல்லாத உயர வித்தியாசத்தையும் பற்கள் உணர்ந்துவிடும். இடிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று, பல் மருத்துவப் பயிற்சியில் இப்போதுதான் இறங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: கண்ணும் விரலும்

நோயாளியை நிமிர்ந்து உட்காரவையுங்கள். படுத்திருந்தால் கீழ்த்தாடை சற்றுப் பின்னால் போய்விடும். கடைவாய்ப் பற்கள் சேரும்படி கடிக்கச் சொல்லிக் கன்னத்தை விலக்கிப் பாருங்கள். மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன்வெளி முகடு, கீழ் முதல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பள்ளத்தில் உட்காருகிறதா? அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வகுத்த அடையாளம் இது. இன்றும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்து, மேல் முன்பற்களின் மேல் விரல் நுனியை வைத்து, 'டக் டக்' என்று கடிக்கச் சொல்லுங்கள். அதிகமாக அடி வாங்கும் பல் விரலுக்கடியில் அதிரும்.

படி 2: சிகிச்சைக்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். பல்லைத் தோண்டிய பிறகு பழைய கடிப்பைக் கேட்டால் யார் சொல்வார்கள்? மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே எந்தெந்தப் பற்கள் சேர்கின்றன என்று எழுதிவையுங்கள்.

படி 3: வண்ணத்தாள்

கடிக்கும்போது பல்லில் சாயம் பதிக்கும் ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர் 200 மைக்ரானிலும் கிடைக்கும், 40 மைக்ரானிலும் கிடைக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தடித்த தாள் தொடாத இடத்திலும் சாயம் பூசிவிடும்; மெல்லியதையே எடுங்கள். பற்களைப் பஞ்சாலும் காற்றாலும் நன்றாக உலர்த்துங்கள். எச்சில் இருந்தால் சாயம் ஒட்டாது. தாளை இடுக்கியில் பிடித்து, பற்களுக்கு நடுவே வைத்துத் தட்டச் சொல்லுங்கள்.

இனி குறிகளைப் படிக்க வேண்டும். பெரிய, கறுத்த குறி என்றால் அங்கேதான் அழுத்தம் அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். தட்டையான பரப்பில் லேசான தொடுதலே அகலமாகப் பதியும். கூர்மையான முகட்டில் பலமான இடியும் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். நான் தேடுவது வளையம் போன்ற குறியை. ஓரம் சாயமாகவும் நடு வெளுத்தும் இருக்கும். அழுத்தம் தாங்காமல் நடுவிலிருந்த சாயம் பிதுங்கி ஓரத்துக்குப் போயிருக்கிறது என்று பொருள்.

தாள் இடத்தைக் காட்டும், பலத்தைக் காட்டாது. குறியை மட்டும் நம்பித் தேய்த்தால் நல்ல தொடுதலும் போய்விடும். தேய்த்த பல்லைத் திருப்பி வைக்க முடியாது.

படி 4: ஷிம்ஸ்டாக்

8 மைக்ரான் கனமுள்ள மெல்லிய தகடு இது. ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் வைத்துக் கடிக்கச் சொல்லி, மெதுவாக இழுங்கள். பிடித்துக்கொண்டால் தொடுகிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் தொடவில்லை. அடைத்த பல்லில் தகடு பிடித்து, முன்பு பிடித்த பக்கத்துப் பற்களில் வழுக்கினால், அடைப்பு உயரம் என்பது உறுதி.

படி 5: பக்கவாட்டு அசைவு

குறிகளைத் துடைத்துவிட்டு, நீலத் தாளை வைத்து வலமும் இடமும் முன்னும் பற்களை உரசச் சொல்லுங்கள். பிறகு சிவப்புத் தாளில் தட்டச் சொல்லுங்கள். சிவப்பு படாத நீலக் கோடு, அசையும்போது மட்டும் உரசும் இடம். தாடை பக்கவாட்டில் நகரும்போது பலருக்குக் கோரைப்பல் மற்றப் பற்களை விலக்கிவிடும். அப்போது எதிர்ப்பக்கக் கடைவாய்ப் பல்லில் நீலக் கோடு விழுந்தால் கவனியுங்கள்.

படி 6: தேவைப்பட்டால் மட்டும்

எந்தப் பல் முதலில் தொட்டது, அழுத்தம் எப்படிப் பகிர்ந்தது என்பதை, கடிப்பின் அழுத்தத்தை உணரும் கருவியான டி-ஸ்கேன் கணினித் திரையில் காட்டும். பல பற்களைக் கட்டும்போது அச்செடுத்து, தாடையைப் போலவே அசையும் கருவியான ஆர்ட்டிகுலேட்டரில் பொருத்திப் பார்ப்பார்கள். ஒற்றை அடைப்புக்கு இரண்டும் வேண்டியதில்லை.

மரத்த வாயால் கடிப்பைச் சரியாகச் சொல்ல முடியாது. ஆகவே மரப்பு தெளிந்த பிறகும் இடித்தால் உடனே வரச் சொல்லி அனுப்புங்கள். வந்தால், உலர்த்துவதிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.