பழைய கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் இதைப் பாருங்கள்

ஏசி குளிரவில்லை என்றதும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பெட்ரோல் மாதிரி அது ஓட ஓடச் செலவாவது இல்லை. குறைந்திருந்தால் எங்கோ லீக், அதைச் சரிசெய்யாமல் ஏற்றினால் காசுதான் வீண்.

முதலில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரைப் பாருங்கள். பூச்சியும் புழுதியும் அப்பியிருந்தால், இன்ஜின் ஆறியதும் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள், வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அப்புறம் ஏசி போட்டதும் கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா? இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலேயைப் பாருங்கள். பைப் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் லீக் பெரும்பாலும் அங்கேதான், சோப்பு நுரை தடவினால் குமிழ் காட்டிக்கொடுக்கும். ஆனால் இணைப்பை நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ஏசி கேஸான ஆர்-134ஏ, கார்பன் டைஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு, மெஷினில் உறிஞ்சி எடுக்கும் கடையில்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

லீக் சரியான பிறகு வாக்யூம் பம்ப்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு ஈரத்தை எடுத்தே தீர வேண்டும். கேஸை தடித்த பைப்பில் இருக்கும் லோ பிரஷர் வால்வு வழியாக மட்டும் ஏற்றுங்கள், ஹை பக்கம் மாட்டினால் கேன் வெடிக்கலாம். கேனை நிமிர்த்தியே பிடியுங்கள், திரவம் போனால் கம்ப்ரஸர் காலி. எத்தனை கிராம் என்று பானட் ஸ்டிக்கரில் இருக்கும், கேனைத் தராசில் வைத்தே ஏற்றுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம்.